வானம் சும்மா இருந்த மதியம்

பேச்சின் நடுவே லூகாஸ் ஆள்காட்டி விரலைத் தூக்கினான்.

எதிரே உட்கார்ந்திருந்த அவன் அக்கா அர்கிரோ வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். விமான நிலையத்தை ஒட்டிய கிரேக்க ஊரான ஸ்பாட்டாவில் பிறந்த யாரும் இதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள். தலைக்கு மேல் விமானம் வந்தால் விரலைத் தூக்க வேண்டும், சொல்லிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், சத்தம் கடந்ததும் அதே சொல்லிலிருந்து தொடர வேண்டும். மளிகைக்கடைக்காரர் விலை சொல்லும்போதும் அப்படித்தான், கோயிலில் பாதிரியார் வேதம் படிக்கும்போதும் அப்படித்தான். சண்டை போடும் புருஷன் பெண்டாட்டிகூட விரலைத் தூக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்தபடி நிற்பார்கள், விமானம் போனதும் விட்ட வசவிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஜெர்மனிக்குப் போய் இத்தனை காலம் ஆகியும் அர்கிரோவை அந்தப் பழக்கம் விடவில்லை. ஸ்டுட்கார்ட்டில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் பெரிய மாவு மிஷின் ஓடும்போதெல்லாம் அவள் விரல் தானாக மேலே போகும், கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அவள் காபிக் கோப்பைகளைப் பார்த்தபடி இருந்தாள். விமானம் வரும்போது முதலில் அலமாரிக் கண்ணாடி நடுங்கும், பிறகு கோப்பை தட்டில் ஆடும், அதற்குப் பிறகுதான் காதுக்குச் சத்தம் வரும். இப்போது கண்ணாடி நடுங்கவில்லை. கோப்பை ஆடவில்லை. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இன்று வேலைநிறுத்தம். காலையிலிருந்து மாலை ஆறு மணி வரை ஒரு விமானமும் ஏறாது, இறங்காது.

“என்னடா? வானத்துல ஒண்ணுமே இல்லையே.”

லூகாஸ் விரலை இறக்கவில்லை. அவன் கூரையையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. நடையின் கோடியில் சாத்தியிருந்த அம்மாவின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து விரல் மெதுவாக இறங்கியது.

“காபி ஆறிடுச்சு. வேற போடட்டுமா?” என்றான்.

அவன் சொல்லிக்கொண்டிருந்தது பாஸ்போர்ட்டைப் பற்றி. ‘பாஸ்போர்ட்டை நான் எங்க வெச்சேன்னா’ என்பதோடு நின்றிருந்தான். இந்த ஊரில் விரல் தூக்கியவர் விட்ட இடத்தை மறக்க மாட்டார். குடித்துவிட்டு வரப்பில் விழுந்து கிடப்பவன்கூட மறக்க மாட்டான். லூகாஸ் மறந்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

அர்கிரோவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் வருவதில்லை. ஒரு பக்கமாகப் படுத்துத் தூங்கி எழுந்தால் கை மரத்துக் கிடக்குமே, தொட்டால் வேறு யாருடைய கையோ போல இருக்குமே, அப்படி உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. அம்மா பகோனா செத்ததாகச் செய்தி வந்த அன்று ஆரம்பித்தது அது. இந்த ஊரில் பிணத்தை அடுத்த நாளே எடுத்துவிடுவார்கள். அர்கிரோ வந்து சேர்ந்தபோது மண்ணையும் மாலைகளையும்தான் பார்த்தாள். அழவில்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அழவில்லை.

இப்போது அவள் வந்தது இரண்டு காரியங்களுக்காக. மூன்று வருஷம் முடிந்ததால் அம்மாவின் எலும்புகளை எடுத்துக் கழுவிப் பெட்டியில் வைக்க வேண்டும். குழி அடுத்தவருக்கு வேண்டும். அது நேற்றே ஆயிற்று. இரண்டாவது, தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் பெரிய காரியம். பக்கத்து வீட்டு லம்ப்ரீனி அத்தை போன மாதம் போன் செய்து சொன்னாள்: “உன் தம்பி பாதி ஆளா ஆயிட்டான். திராட்சைத் தோட்டத்துக்குப் போறதில்ல, சலூனுக்குப் போறதில்ல, சாப்பாடு வெச்சா ரெண்டு வாய். எந்நேரமும் உங்கம்மா ரூம்லயே உக்காந்திருக்கான். இப்படியே விட்டா இன்னொரு குழி வெட்டணும்டி.” அர்கிரோ இரண்டு டிக்கெட் வாங்கினாள். இன்று இரவு எட்டு மணி விமானம். டாக்ஸிக்குச் சொல்லியாயிற்று. பையில் அவனுடைய சட்டைகளை அடுக்கினால் முடிந்தது.

இன்றே போயாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதற்கு நேற்றுக் கல்லறையில் நடந்ததும் ஒரு காரணம்.

குழி தோண்டும் கோலியாஸ் நிதானமான ஆள். சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, கடைசி ஒரு முழம் மண்ணைக் கையாலேயே அள்ளினார். எலும்புகள் நல்ல மஞ்சளாக வந்தன. “மெழுகு மாதிரி இருக்கு பாருங்க. நல்ல ஆத்மா. சில பேரு மூணு வருஷம் கழிச்சும் கரையாம கிடந்து மானத்தை வாங்குவாங்க” என்றார். லம்ப்ரீனி சிவப்பு ஒயினைத் தாம்பாளத்தில் ஊற்ற, ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். மண்டையோட்டைக் கையில் கொடுத்தபோது அர்கிரோ முத்தமிட்டாள். உதட்டில் ஒயின் புளித்தது, அவ்வளவுதான். பாதிரியார் பாட்டை ஆரம்பித்தார். அப்போது கோலியாஸ் கையை நிறுத்தினார்.

வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் பிரியவில்லை. மற்ற விரல்கள் கூழாங்கல் மாதிரி உதிர்ந்து வந்தன. இந்த ஒன்று கணு கணுவாக ஒட்டிக்கொண்டு நேராக நின்றது. கோலியாஸ் ஒயினில் ஊறவைத்துப் பார்த்தார், மெதுவாகத் திருகிப் பார்த்தார். ஒரு விமானம் போயிற்று. எல்லோரும் விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பாதிரியார், கோலியாஸ், லம்ப்ரீனி, லூகாஸ், அர்கிரோ, தாம்பாளத்தில் அம்மா.

விமானம் போனதும் கோலியாஸ் அந்த விரலை அப்படியே பெட்டியில் வைத்தார்.

“அப்பவே மடங்கலடி அது,” என்று திரும்பி வரும் வழியில் லம்ப்ரீனி அர்கிரோவின் காதில் சொன்னாள். “நான்தானே குளிப்பாட்டி உடுத்தினேன். கையைக் குறுக்க வெச்சா விரல் மட்டும் நட்டுக்கிட்டு நிக்குது. வெள்ளை ரிப்பன் போட்டு இறுக்கிக் கட்டித்தான் மூடினோம்.”

எலும்பு வைக்கும் கட்டடத்தை இன்று திறக்க மாட்டார்கள், அங்கேயும் வேலைநிறுத்தம். பெட்டி கல்லறைக் கோயிலில் காயட்டும், நாளைக்கு லம்ப்ரீனி பார்த்து உள்ளே வைத்துவிடுவாள் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அந்த லம்ப்ரீனி இப்போது கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் செத்தவர்களுக்காகப் படைக்கும் ஒரு கிண்ணம் வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரையும் மாதுளை முத்தும்.

“ஏ ஜெர்மன்காரி, சாப்பிட்டியா? இல்ல அங்க மாதிரி ரொட்டியை மோந்து பார்த்துட்டு வெச்சுட்டியா?”

“சாப்பிடணும் அத்தை.”

“அப்பப்பா, என்ன அமைதிடி இது. காது ரெண்டும் வலிக்குது. காலைல எம்புருஷன் பல்லு தேய்க்கிற சத்தம் கேக்குது எனக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்குறேன். இந்த மனுஷன் இப்படியா தேய்ப்பாருன்னு இருக்கு.” கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். “உங்கம்மா இருந்திருந்தா இன்னிக்குப் பொழுதன்னிக்கும் ‘போச்சா, போச்சா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருப்பா.”

அர்கிரோவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. கடைசிக் காலத்தில் பகோனாவுக்குக் காது மந்தம். விமானம் வந்தால் நெஞ்சில் அதிர்வது தெரியும், போனது தெரியாது. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே இருப்பவரிடம் கேட்பாள்: ‘போச்சா?’ ‘போச்சு’ என்று யாராவது சொன்னால்தான் விரல் இறங்கும், பேச்சு தொடரும். தெருப் பிள்ளைகள்கூட அவளைக் கண்டால் ‘போச்சா, போச்சா’ என்று கேலி செய்வார்கள். அவளும் சளைக்காமல் திட்டுவாள், நடுவில் விமானம் வந்தால் நிறுத்தி, கேட்டு, மறுபடி திட்டுவாள்.

லம்ப்ரீனி சட்டென்று பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள்.

“ஒயின் வாடை அடிக்குதே.”

அர்கிரோவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. திறந்து வைத்த பீப்பாயின் புளிப்பு, அதோடு ஈர மண். நடையின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“லூகா,” என்றாள் லம்ப்ரீனி, குரலை இறக்கி. “பெட்டி எங்கடா?”

அடுப்பைப் பார்த்து நின்றவன் திரும்பவில்லை. “அங்க தனியா இருந்துச்சு அத்தை. காலைல போய் எடுத்துட்டு வந்தேன்.”

லம்ப்ரீனி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். கோபமாகக் கத்துவாள் என்று அர்கிரோ நினைத்தாள், அவள் கத்தவில்லை. “போனவங்களை வாசப்படி தாண்டி உள்ள கொண்டு வரக்கூடாதுடா மகனே. கூட்டிட்டு வந்தா சும்மா வர மாட்டாங்க. உனக்குத் தெரியாதா?”

“இன்னிக்கு ஒரு நாள்தான் அத்தை. சாயங்காலம் கொண்டு போய் வெச்சுடறேன்.”

“அர்கிரோ, முதல்ல இவனை வெளிய கூட்டிட்டுப் போ. என் வீட்டுல வந்து உக்காருங்க. பெட்டியை எம்புருஷன் வந்து எடுப்பாரு, எழுப்பி அனுப்பறேன்.” அவள் கொல்லை வாசல் வரை போய்த் திரும்பினாள். “கதவைச் சாத்தாதே. கேட்டியா? திறந்தே இருக்கட்டும்.”

அவள் போனாள். அவள் புருஷன் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்பாட்டாவில் யாரையும் எழுப்ப முடியாது. கடைகள் மூடிவிடும், ஜன்னல் பலகைகள் சாத்தப்படும், நாய்கள்கூட மேஜைக்கு அடியில் போய்விடும். பேய்க்கு ராத்திரி தேவையில்லை, இந்த வெயில் நேரமே போதும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

“கிளம்புடா,” என்றாள் அர்கிரோ. “பையை நான் எடுத்துக்கறேன். அத்தை வீட்டுல போய் இருப்போம்.”

“ஆறு மணி வரைக்கும் பொறு.”

“எதுக்கு?”

லூகாஸ் அவள் எதிரே உட்கார்ந்தான். முகம் ஒட்டிப் போயிருந்தது. ஆனால் கண்ணில் ஒரு பளபளப்பு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் பளபளப்பு. “உனக்கு நான் சொன்னதில்ல. யாருக்குமே சொன்னதில்ல. அம்மா எப்படிச் செத்தா தெரியுமா?”

“தூக்கத்துலன்னு சொன்னே.”

“பேசிட்டிருந்தா. படுக்கைல சாஞ்சு உக்காந்து, நல்லாத்தான் பேசிட்டிருந்தா. ‘லூகா, எனக்காக நீ இங்கேயே கிடக்க வேணாம், அர்கிரோவை நான்’ அப்படின்னா. விமானம் வந்துச்சு. விரலைத் தூக்கினா. நானும் காத்துக்கிட்டிருந்தேன். விமானம் போச்சு. அம்மா ‘போச்சா’ன்னு கேக்கல. விரல் அப்படியே இருக்கு, கண்ணு என்னையே பாக்குது. நான் ரொம்ப நேரம் காத்திருந்தேன் அர்கிரோ. அடுத்த விமானம் போச்சு, அதுக்கடுத்தது போச்சு. இருட்டினப்புறம்தான் தொட்டுப் பாத்தேன்.”

‘அர்கிரோவை நான்.’ அதற்கு மேல் என்ன வந்திருக்கும் என்று அர்கிரோவுக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது. அம்மாவைத் தம்பி தலையில் கட்டிவிட்டு ஜெர்மனிக்குப் போனவளை ஒரு தாய் என்ன சொல்வாள். மன்னிக்கவே மாட்டேன் என்பாள். அதை நினைத்தபோதும் உள்ளே எதுவும் வலிக்கவில்லை. மரத்த கையைக் குத்திப் பார்ப்பது மாதிரித்தான் இருந்தது.

“அடக்கம் பண்ணி ஒரு வாரம் கழிச்சு ஆரம்பிச்சுது,” என்றான் லூகாஸ். “விமானம் போய் முடியற நேரத்துல, அந்த ரூம்லேர்ந்து. ‘போச்சா?’ நான் ஓடிப் போய் ‘போச்சு’ன்னு சொல்லுவேன். அவ மூச்சை இழுப்பா. அதுக்குள்ள அடுத்தது வந்துடும். மூணு வருஷம். ஒரு தடவைகூட அவளைச் சொல்ல விடல இந்தச் சனியனுங்க. வேலைநிறுத்தம்னு நியூஸ்ல கேட்டதும் கோலியாஸைக் கெஞ்சி நேத்தே தோண்டச் சொன்னேன். இன்னிக்கு வானம் சும்மா இருக்கு. இன்னிக்குச் சொல்லிடுவா. சொல்லி முடிச்சாச்சுன்னா நான் உன்கூட வந்துடறேன். சத்தியமா வர்றேன்.”

இவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அர்கிரோ நினைத்தாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது. டாக்டரிடம் காட்டலாம், ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவள் எழுந்து அவனுடைய அறைக்குப் போய்ச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. இந்த வீட்டை அவள் இப்படிக் கேட்டதே இல்லை. குழாய் எங்கோ சொட்டியது, ஒவ்வொரு சொட்டும் தொட்டியில் விழுந்து பரவுவது வரை கேட்டது. வெயிலில் ஜன்னல் பலகைகள் முறுகும் சத்தம், உத்தரத்துக்குள் ஏதோ பூச்சி மரத்தை அரிக்கும் சத்தம், சுவர்க் கடிகாரத்தின் சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றும் சத்தம், முற்றத்துத் துளசித் தொட்டியில் வண்டு ஒன்று சுற்றிச் சுற்றி வரும் சத்தம், இவையெல்லாம் இத்தனை காலமும் விமானங்களுக்கு அடியில் இங்கேயே இருந்திருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கடைசிச் சட்டையை மடித்தாள். பலகை இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் தரையில் கோடு கோடாகக் கிடந்தது, அதில் தூசி அசையாமல் நின்றது. ஒயின் வாடை கூடியிருந்தது. குழாய் சொட்டியது. கடிகாரச் சக்கரம் பற்றியது, விட்டது.

சுவருக்கு அப்பால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பேச வாயெடுக்கும்போது இழுக்கும் மூச்சு. கொஞ்சம் சளி கலந்தது. அர்கிரோ பிறந்ததிலிருந்து கேட்ட மூச்சு.

“போச்சா?”

சலிப்பான குரல். அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கேட்பது போன்ற குரல். அதில் பயமுறுத்தும்படி எதுவும் இல்லை.

“போச்சு அம்மா,” என்றான் லூகாஸ் அந்த அறையிலிருந்து. எப்போது அங்கே போனான் என்று தெரியவில்லை. “சத்தியமா போச்சு. இன்னிக்கு வராது.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “போச்சா?”

அர்கிரோ நடையில் நின்றாள். கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. வெயில் தெரிந்தது, லம்ப்ரீனியின் கொடியில் காயும் துணி தெரிந்தது. பத்து எட்டு வைத்தால் வெளியே போய்விடலாம். ஆனால் தம்பி உள்ளே இருந்தான். அவள் அம்மாவின் அறைக் கதவைத் தள்ளினாள்.

பெட்டி கட்டிலில் இருந்தது, தலையணை பக்கத்தில். மூடி இல்லை. வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தான். அந்தத் துணி ஓரிடத்தில் மட்டும் கூராக எழும்பி நின்றது, அடியில் ஒரு குச்சியை நட்டு வைத்த மாதிரி. எதிரே நாற்காலியில் லூகாஸ். அவன் விரலும் அதே போல் நின்றது.

“எழுந்திரு,” என்றாள். அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். பாதி ஆளாகிவிட்டவன், ஆனால் அசையவில்லை. நாற்காலியோடு ஒட்டிப் போனவன் மாதிரி கனத்தான்.

“காலைலேர்ந்து சொல்லிட்டே இருக்கேன் அர்கிரோ. நம்ப மாட்டேங்கிறா.” அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “மூணு வருஷமா நான் ‘போச்சு’ன்னு சொன்னப்பெல்லாம் அடுத்தது வந்துடுச்சுல்ல. நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டா. நீ சொல்லு. நீ சொன்னா நம்புவா.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“போச்சா?” என்றது கட்டில்.

அவள் அவனை இழுத்தாள், கெஞ்சினாள், ஒருமுறை கன்னத்தில் அறைந்தாள். லம்ப்ரீனியின் வாசலுக்கு ஓடிக் கதவைத் தட்டினாள். யாரும் எழுந்து வரவில்லை, அத்தையும் கண்ணயர்ந்திருக்க வேண்டும். திரும்பி ஓடி வந்தாள், அவனை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை. தரையில் வெளிச்சக் கோடுகள் நீண்டு சுவரில் ஏறின. குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. லூகாஸ் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்த குரலில். அவன் உதடு வெளுத்துவிட்டது. தூக்கிய விரல் நகக்கண் நீலமாக இருந்தது. அவள் அதை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

மடங்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இவனும் போய்விடுவான். எட்டு மணி விமானமும் டிக்கெட்டும் யாருக்கு. அம்மா தன்னைச் சபிக்கத்தான் போகிறாள் என்றால் சபித்துவிட்டுப் போகட்டும். இவன் பிழைத்தால் போதும்.

“போச்சா?”

“போச்சு அம்மா,” என்றாள் அர்கிரோ. “சொல்லு.”

எல்லாச் சத்தமும் நின்றது. குழாய். கடிகாரம். வண்டு.

கட்டிலில், வெள்ளைத் துணியின் கூர் மெதுவாகச் சாய்ந்தது. துணி தட்டையாகப் படிந்தது.

“அர்கிரோவை நான் கூட்டிக்கிறேன்,” என்றாள் அம்மா. “நீ கிளம்பு.”

அவ்வளவுதான். சபிக்கவில்லை. சாதாரணமாகச் சொன்னாள், நாளைய சமையலைச் சொல்வது போல.

லூகாஸின் விரல் இறங்கியது. அவன் கையைப் பார்த்தான், விரல்களை மடக்கி நீட்டினான், எழுந்து நின்றான். முகத்தில் ரத்தம் ஊறியது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் தம்பி அவளை நேராகப் பார்த்தான்.

“அவ்வளவுதானா,” என்றான். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவனுக்கு. “இதுக்கா இத்தனை நாள். நான் கிளம்பட்டுமா அர்கிரோ? போகலாமா?”

அவளுக்கும் அழுகை வரப் பார்த்தது. மூன்று வருஷத்து அழுகை. அவள் வாயைத் திறந்தாள்.

“லூகா, நீ”

அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. அடுக்களையில் கோப்பைகள் தட்டில் ஆடின. மணி ஆறு. முதல் விமானம் ஊரின் மேல் ஏறி வந்தது.

அர்கிரோ விரலைத் தூக்கினாள். நினைத்துத் தூக்கவில்லை. பிறந்ததிலிருந்து தூக்கிய விரல்.

விமானம் போனது.

விரல் இறங்கவில்லை. இறக்கப் பார்த்தாள். விரல் நுனி மரத்திருந்தது. பிறகு மணிக்கட்டு. பிறகு தோள். உள்ளே இத்தனை நாளும் கிடந்த அந்த மரப்பு வெளியே வருகிறது என்று தெரிந்தது. வலியில்லை. குளிரில்லை. ‘நீ கிளம்பு’ என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். முதல் சொல் ஆகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி.

இரண்டாவது விமானம். காலையிலிருந்து காத்திருந்தவையெல்லாம் வரிசையாக வந்தன. ஒன்று போவதற்குள் ஒன்று.

லூகாஸ் அவளைப் பார்த்தபடி நின்றான். இந்த ஊர்க்காரன். பேச்சின் நடுவே விரல் தூக்கியவரை விட்டு யாரும் போவதில்லை. அவளைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது. அடித்தது. போய்விட்டது.

லம்ப்ரீனி வந்தாள். தூக்கக் கலக்கத்தோடு, புருஷனைத் திட்டிக்கொண்டு. அறை வாசலில் நின்றாள். அர்கிரோ அவளைப் பார்த்தாள், அர்கிரோவுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. லம்ப்ரீனி கத்தவில்லை. கிட்ட வந்து மூக்கருகில் கை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். லூகாஸிடம் ஏதோ சொன்னாள், விமானத்தில் கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டி, பொறு என்று கை காட்டினான்.

அம்மாவின் அலமாரி இழுப்பறையை லம்ப்ரீனி திறந்தாள். வெள்ளை ரிப்பனை எடுத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். அர்கிரோவின் கையை மடியில் வைத்து விரலை மடக்கினாள். மடங்கவில்லை. ரிப்பனைச் சுற்ற ஆரம்பித்தாள். இறுக்கமாக. அழுதுகொண்டே.

கொஞ்சம் பொறுங்க அத்தை. நான் இன்னும் சொல்லி முடிக்கல.

சத்தம் தேய்ந்தது. அறைக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். கொஞ்சம் சளி கலந்த மூச்சு.

“போச்சா?”

அது தன் குரல் என்று அர்கிரோவுக்குத் தெரிந்தது.

லம்ப்ரீனியின் கையிலிருந்து ரிப்பன் நழுவியது. லூகாஸ் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் உதட்டையே பார்த்தபடி குனிந்தான்.

“போச்சு,” என்றான். “சொல்லு.”

அலமாரிக் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது.